கிழங்கு காத்திருக்காது, ஸார்!

"பேப்பர் கவர் ஒட்டத் தெரியுமா உங்களுக்கு?"

நண்பர் போனில் இப்படிக் கேட்டதும் சிரித்துவிட்டேன். எம்.காம். படித்துவிட்டுப் பதினேழு வருஷமாக ஆபீஸில் கவர் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது?

"அப்ப வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு போட்டுட்டு வந்துருங்க. எட்டாம் க்ளாஸ் பசங்களோட உக்காந்து ஒட்டணும்" என்றார்.

நண்பர் சமூக அறிவியல் வாத்தியார். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் ஓர் அரசுப் பள்ளிக்கூடம். (ஊர்ப் பெயர் வேண்டாம். காரணம் பின்னால் தெரியும்.) பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் குச்சிக்கிழங்குக் காடு. புஸ்தகத்தில் மரவள்ளி. எங்கள் பக்கம் கிழங்கு என்றாலே போதும், வேறு கிழங்கு எதுவும் ஞாபகத்துக்கு வராது.

வகுப்புக்குள் நுழைந்தால் நண்பர் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவர்தான் இன்றைக்கு வியாபாரியாம். தரையில் பழைய நியூஸ் பேப்பர்களும் ஒரு சட்டி மைதாப் பசையும். நாலு நாலு பேராகப் பிள்ளைகள். ஒவ்வொரு நாலு பேரும் ஒரு குடும்பம். பத்து கவர் ஒட்டிக் கொடுத்தால் இரண்டு ரூபாய், அதாவது அட்டையில் வெட்டின இரண்டு ரூபாய். பத்து நிமிஷம் ஒரு நாள். நாள் முடிவில் குடும்பம் வாடகை கட்ட வேண்டும், அரிசி வாங்க வேண்டும். என்னையும் ஒரு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்த குடும்பத்தலைவி இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்.

முதல் நாள் நான் ஒட்டினது மூன்று கவர். வியாபாரி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அடி ஒட்டல. இது தள்ளுபடி." அடுத்தது, "கோணல். தள்ளுபடி." மூன்றாவதை உதறிப் பார்த்தார், கையோடு வந்துவிட்டது.

"உங்களால எங்க வீட்டுல இன்னிக்கு அரிசி இல்லீங்க ஸார்" என்றது இரட்டைச் சடை. சிரிக்காமல்தான் சொன்னது. ஆபீஸில் மானேஜர் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

இரண்டாம் நாள் வியாபாரி, "மார்க்கெட் டல்லு. இன்னிக்குப் பத்து கவர் ஒண்ணரை ரூபாதான்" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் வேகமாக ஒட்ட ஆரம்பித்தார்கள். விலை குறைந்தால் இன்னும் வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இந்த விளையாட்டு நண்பரின் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் கிறிஸ்டியன் எய்டு என்கிற தொண்டு நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்காக உண்டாக்கியது. கல்கத்தாவில் பழைய பேப்பரைக் கவராக ஒட்டி விற்றுப் பிழைக்கிறவர்களை வைத்துச் செய்த விளையாட்டு. கல்கத்தாக்காரர் கஷ்டத்தை லண்டன் பையன்கள் விளையாடிப் பார்த்து, அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ராசிபுரம் பக்கம் வந்து இறங்கியிருக்கிறது!

அவர்களிடம் இன்னொரு விளையாட்டும் உண்டு. இது காஃபோட் என்கிற கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்துடையது. ஒரு வாழைப்பழம், விலை 30 பென்ஸ். தோட்டக்கூலி, தோட்ட முதலாளி, கப்பல்காரர், இறக்குமதி செய்து பழுக்க வைக்கிறவர், கடைக்காரர் என ஐந்து கோஷ்டி. ஒவ்வொரு கோஷ்டியும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லி வாதாட வேண்டும். கடைசியில் வாத்தியார் நிஜக் கணக்கைப் படிப்பார். கடைக்கு 13, இறக்குமதிக்கு 7, முதலாளிக்கு 5, கப்பலுக்கு 4. வெயிலில் நின்று தார் வெட்டினவனுக்கு 1. வகுப்பு 'ஆ' என்று வாயைப் பிளக்கும். நியாய வணிகம் என்றால் என்ன என்ற பாடத்தை அங்கே இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

"நாம வாழைப்பழத்துக்குப் போவானேன்?" என்றார் நண்பர். மேஜையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். ஜவ்வரிசி.

என் ஆபீஸில் ஒருவர் ஜவ்வரிசி மரத்தில் காய்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். சிரிக்காதீர்கள், பாதி சரி. அசல் சேகோ தென்கிழக்கு ஆசியாவில் பனை மாதிரி ஒரு மரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து வருவது. இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தச் சரக்கு நின்றுபோக, 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் பொபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் அதே மாதிரி உருட்டிப் பார்த்தார்கள். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டி, தெளிய வைத்து, அடியில் தங்கின மாவைக் குலுக்கி உருட்டி, சூட்டில் வறுத்து, வெயிலில் காயப்போட்டால் ஜவ்வரிசி. இன்றைக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு மாமி விரத நாளில் சாபுதானா கிச்சடி கிண்டினால், அதில் அநேகமாக சேலம், நாமக்கல் மண் வாசனை இருக்கும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது.

பாக்கெட் விலை கணக்குக்காக 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்து கோஷ்டி. கிழங்கு வைக்கிற விவசாயி, தரகர், ஆலைக்காரர், வடக்கத்தி மொத்த வியாபாரி, மளிகைக் கடை. 'உங்க பங்கு எவ்வளவு, ஏன்?' என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னார்.

கூட்டிப் பார்த்தால் 65 ரூபாய்!

"பாக்கெட்டுக்குள்ள இருக்கறதே நாப்பதுதான். பேசித் தீத்துக்கங்க" என்று நண்பர் ஒதுங்கிக்கொண்டார்.

அடேயப்பா, அந்தச் சத்தம்! ஆலைக்காரர் கரண்டு பில்லைச் சொல்கிறார். மொத்த வியாபாரி லாரி வாடகை, டீசல் என்கிறார். (அந்தப் பையனின் சித்தப்பா நிஜமாகவே லாரி ஓட்டுகிறவராம், நாசிக் வரைக்கும் டோல்கேட் கணக்கு மனப்பாடம்.) மளிகைக் கடை, "கடனுக்கு வாங்கிட்டுப் போறவங்க திருப்பித் தர்றதில்லீங்க" என்று அழாத குறை. விவசாயி கோஷ்டிதான் ஸ்ட்ராங்காக நின்றது. பத்து மாசப் பயிர், களை, தண்ணி, மாவுப்பூச்சி, பிடுங்குகிற கூலி. 15 ரூபாய்க்கு ஒரு பைசா குறைய மாட்டோம்!

அப்போதுதான் நண்பர் எழுந்து கரும்பலகையில் 15 என்று பெரிதாக எழுதினார்.

"கிழங்கைப் பிடுங்கியாச்சு. வண்டியில ஏத்தியாச்சு. இனி நிமிஷத்துக்கு ஒரு ரூபா" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். 15-ஐ அழித்து 14. மறுபடி, 13.

பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அத்தனை பேரும் கிழங்கு ஊர்க்காரர்கள். பிடுங்கின குச்சிக்கிழங்கு ஓரிரு நாளைக்குமேல் தாங்காது, உள்ளே நரம்பு நரம்பாகக் கறுக்க ஆரம்பித்துவிடும். மாவு போய்விடும். ஆலைக்காரர் கோஷ்டி பேசுவதையே நிறுத்திவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறார்கள்! யாரும் சொல்லித்தரவில்லை. 9-க்கு வந்தபோது விவசாயிகள், "சரி, கொடுங்க, கொடுங்க" என்றார்கள்.

எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. ஒரு காரணம் இருக்கிறது.

என் அப்பா கிழங்கு வைத்தவர். மூன்று ஏக்கர். இதே எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருமுறை கிழங்கு வண்டியில் அவரோடு ஓர் ஆலைக்குப் போனேன். கிழங்குக்கு விலை எடையில் மட்டும் இல்லை, பாயிண்டில் இருக்கிறது. பாயிண்ட் என்றால் மாவுச்சத்து. சாம்பிள் எடுத்துத் தண்ணீரில் முக்கி எடை பார்ப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். இருபத்தெட்டு வரும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே போய் வந்தவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. இருபத்திநாலு போட்டிருந்தார்கள். வாசலில் டீக்கடையில் எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்துவிட்டு, தனக்கு எதுவும் வேண்டாம் என்று வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் பி.காம். சேர்ந்தது கணக்கில் ஆர்வத்தால் அல்ல.

சரி, வகுப்புக்கு வருவோம்.

நண்பர் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீரும், ஸயன்ஸ் லாபிலிருந்து வில் தராசும் கொண்டுவந்தார். உழவர் சந்தையில் வாங்கின கிழங்கு, கயிற்றுப் பையில். வெளியே இரண்டு கிலோ. தண்ணீருக்குள் இறக்கினால் கால் கிலோகூட இல்லை. ஆர்க்கிமிடீஸ் என்று புஸ்தகத்தில் படித்தவர் கிழங்கு வாளிக்குள் எழுந்தருளினார்!

முதல் கோஷ்டி பார்த்தது 190 கிராம். அடுத்த கோஷ்டி 160. அதே கிழங்கு, அதே வாளி, அதே தராசு. எப்படி?

மூன்று தடவை முக்கிப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் குட்டையாக ஒரு பையன் தரையோடு தரையாகப் படுத்து வாளியைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டுக் கத்தினான். "ஸார், கெழங்கு அடியில தட்டுதுங்க!"

அவ்வளவுதான். பையின் நுனி வாளியின் அடியில் லேசாகப் பட்டால் போதும், கொஞ்சம் பாரத்தை வாளி வாங்கிக்கொள்கிறது. தராசு குறைத்துக் காட்டுகிறது. முள் பொய் சொல்லவில்லை, பிடித்த கைதான் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. வேண்டுமென்றே இறங்கினதா, தெரியாமல் இறங்கினதா, கிழங்குக்குத் தெரியாது.

விவசாயி கோஷ்டி, "இப்படித்தான் ஏமாத்தறாங்க!" என்று குதித்தது. உடனே ஆலை கோஷ்டியிலிருந்து ஒருவன், "நீங்க மட்டும் ஒழுங்கா? மண்ணோட அள்ளிட்டு வர்றீங்கல்ல?" என்றான். செய்து பார்த்தார்கள். அதே கிழங்கில் களிமண்ணைக் குழைத்துப் பூசினால் வெளியிலும் எடை ஏறுகிறது, உள்ளேயும் ஏறுகிறது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. விவசாயிகள் சிரிக்கவில்லை.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஒரு பையன் எழுந்து நின்றான். மூன்றாவது பெஞ்ச். விளையாட்டில் அவன் மளிகைக் கடை.

"ஸார், எங்கப்பா கெழங்குத் தரகருங்க. அப்ப எங்கப்பா திருடருங்களா?"

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

லண்டன் வகுப்பில் இந்தக் கேள்வி வராது. வாழைத்தார் வெட்டுகிறவர் ஏதோ ஒரு தூர தேசத்தில் இருப்பார், பிள்ளைகளுக்கு அவர் ஒரு படம். இங்கே ஆலையில் தோலுரிக்கிற அம்மாவின் பெண்ணும், கிழங்கு வைத்தவர் மகனும், தரகர் மகனும், லாரி டிரைவர் வீட்டுப் பையனும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம் என்றேனே, இதனால்தான்.

நண்பர் சாக்பீஸை அந்தப் பையன் கையில் கொடுத்தார். "அப்பா என்னென்ன வேலை செய்யறாருன்னு எழுது, பாக்கலாம்."

பையன் எழுத ஆரம்பித்தான். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து ஆள் கூட்டுவது. வண்டி பிடிப்பது. பயிர் நிலத்தில் இருக்கும்போதே முன்பணம் கொடுப்பது. ஆலையில் பணம் வர லேட்டானால் விவசாயி தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதைச் சமாளிப்பது. பலகையில் பாதி நிறைந்துவிட்டது. 'போன வருஷம் அம்மா நகையை அடகு வெச்சாங்க' என்று எழுதப் போனவன், பாதியில் அழித்துவிட்டான்.

இரட்டைச் சடை எழுந்தது. நம் குடும்பத்தலைவி!

"இதெல்லாம் சரிங்க ஸார். அவங்கப்பா எங்க காட்டுக்கும் வருவாரு, நல்லவருதான். ஆனா டன்னு என்ன வெலைன்னு பிடுங்கறதுக்கு முன்னால சொல்ல மாட்டாரு. பிடுங்கி ஏத்தினப்புறம்தான் சொல்வாரு. அது ஏன்னு கேளுங்க."

பையன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். "அவருக்கே ஆலையில முன்னால சொல்றதில்ல போலருக்கு" என்றான். பிறகு, "கேக்கறேன்" என்றான்.

எனக்கு அந்த இடத்தில்தான் பாடம் துலங்கியது. கவர் ஒட்டினவர்களுக்கும் விலை வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. யார் திருடர் என்பதைவிட, யாருக்கு விலை முன்னாலேயே தெரிகிறது, யாரால் காத்திருக்க முடிகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

ஆலைக்காரர்களும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்றவர்கள்தான். ஜவ்வரிசியை வைத்துக்கொள்ள இடமில்லாமல், கைக்காசுக்குத் தவித்து, வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். 1981-ல் கூடி சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை சேலத்தில் ஆரம்பித்தார்கள். மூட்டையைச் சங்கத்துக் கிடங்கில் வைக்கலாம், சரக்கின் பேரில் முன்பணம் வாங்கலாம், விற்பனை ரகசிய டெண்டரில். அதாவது, காத்திருப்பதற்கு ஒரு கூரை. ஆனால் அது உற்பத்தியாளர்கள் சங்கம். பச்சைக் கிழங்கை எந்தக் கிடங்கிலும் அடுக்க முடியாதே! அவர்களுக்கு மிஞ்சியிருப்பது, கலெக்டர் ஆபீஸில் எப்போதாவது கூடுகிற முத்தரப்புக் கூட்டமும் போண்டாவும்.

"முட்டைக்கு மட்டும் தினமும் பேப்பர்ல வெல போடறாங்களே ஸார்?" என்று ஒரு பையன் கேட்டான். பலே! நாமக்கல் ரத்தம். முட்டையும் அழுகுகிற சரக்குதான். 1982-ல் பி.வி. ராவ் முன்னின்று கோழிப்பண்ணைக்காரர்களைத் திரட்டி, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உண்டாக்கினார். நம் முட்டைக்கு நாமே விலை சொல்வோம் என்றார்கள். அதற்கு முன்னால் விலை சொன்னது நகரத்து வியாபாரிகள். இப்போதும் நாமக்கல்லில் அறிவித்த விலைக்குக் கீழே 'மைனஸ்' போட்டு வாங்குகிற வழக்கம் உண்டு, அது வேறு கதை. ஆனாலும் மைனஸ் எத்தனை என்று தெரிய ஒரு விலை முதலில் இருக்கிறதல்லவா? கிழங்குக்காரருக்கு எதிலிருந்து மைனஸ்?

வெளிநாட்டில் நியாய வணிகம் என்று முத்திரை குத்த ஆரம்பித்ததும் இந்த இடத்தில்தான். 1988-ல் நெதர்லாந்தில், மாக்ஸ் ஹாவலார் என்ற பெயரில், மெக்ஸிகோவின் சிறு விவசாயிகள் விளைவித்த காப்பிக்கு. உலக மார்க்கெட் எவ்வளவு சரிந்தாலும் இதற்குக் கீழே போகமாட்டோம் என்று ஓர் அடிமட்ட விலை, ஊர்ப் பொதுவுக்கென்று மேலே கொஞ்சம் பணம், கேட்டால் முன்பணம். இவ்வளவுதான் சங்கதி. முத்திரை வாங்குவதற்கே சிறு விவசாயிக்குச் செலவு பிடிக்கிறது என்கிற புகாரும் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்த ஏற்காடு இங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் கிழங்குக்கு அப்படி ஒரு முத்திரையை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

நம் பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் என்று ஒன்று உண்டு. எம்.ஆர்.பி. பார், காலாவதித் தேதி பார், தராசு முத்திரை பார் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல விஷயம். வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்க. விற்கிறவன் ஏமாறாமல் இருக்க மன்றம் எங்கே என்று இரட்டைச் சடை கேட்டால் நண்பர் என்ன செய்வாரோ! சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு 2007-ல் வந்த ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு சட்டையின் கதை இருந்தது. கர்னூல் பருத்திக்காரப் பெண்ணில் தொடங்கி, நம் பக்கத்து ஈரோடு ஜவுளிச் சந்தை வழியாக அமெரிக்கக் கடை வரைக்கும் போகும். அபாரமான பாடம். ஆனால் படித்தால் பரீட்சைக்கு ஆகும், பசை ஒட்டின கை ஞாபகத்தில் நிற்கும்.

கடைசியாக நண்பர் இரண்டு தட்டில் ஜவ்வரிசி வைத்தார். ஒன்று பளிச்சென்று மல்லிகைப்பூ. இன்னொன்று லேசாகப் பழுப்பு. "எது வேணும்?" வகுப்பு முழுக்க மல்லிகைப்பூவைக் காட்டியது. நானும்தான். ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. கண்ணைப் பறிக்கிற வெள்ளைக்காக ரசாயனம் போடுவதும், மக்காச்சோள மாவைக் கலப்பதும், அதற்காக உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளில் சோதனை போடுவதும் எங்கள் பக்கம் அடிக்கடி பேப்பரில் வருகிற சேதி. மக்காச்சோளம் உள்ளே போனால் கிழங்கு வெளியே நிற்கும். பாயசத்துக்கு வெள்ளையாகப் பொறுக்குகிற நம் விரலும் அந்த வாளிக்குள் கொஞ்சம் தட்டுகிறது.

ஆறாவது கோஷ்டி ஒன்று வேண்டும், வாங்குகிறவங்க கோஷ்டி, என்று அடுத்த வாரத்துக்கு முடிவாயிற்று. மணி அடித்தது. தரகர் மகனும் இரட்டைச் சடையும் வாளித் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டு ஒரே பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். எழுபத்தாறு வயது. ஈஸிசேரில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். தராசு, வாளி, அடியில் தட்டுவது, 190, 160 எல்லாம் சொன்னேன். ஏதோ பெரிய துப்பறிந்துவிட்டது போல.

டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது எனக்கு அப்பவே தெரியும்டா" என்றார்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா சும்மா வந்தீங்க?"

"கெழங்கு வண்டியில இருக்குது. வண்டி வாடகை ஏறுது. வேற ஆலைக்குப் போனா பொழுதாயிரும். நீ வேற கூட இருந்தே, சண்டை போட்டா பயந்துக்குவே" என்றார். விளம்பரம் வந்தது. சத்தத்தைக் குறைத்தார்.

"ஆமா, அந்தப் பசங்க கடைசியில கெழங்கை என்ன பண்ணாங்க?"

"சத்துணவு ஆயாகிட்ட கொடுத்து வேகவெச்சுத் தின்னுட்டாங்கப்பா."

"முள்ளுவாடியா இருந்தா கசக்குமேடா!"

"இல்லப்பா. சமையலுக்குன்னு சந்தையில வாங்கினது."

"அப்ப சரி" என்று சத்தத்தைக் கூட்டிவிட்டார்.